மீனெண்ணெய் டப்பா

மேனாம்பேட்டு பால்ராஜ் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கேஜ் வைத்து அளவு பார்க்கிற வேலை. அளவு தப்பினால் போல்ட் ஸ்கிராப் தொட்டிக்குப் போகும். மனுஷர்களுக்கும் அவரிடம் ஒரு கேஜ் உண்டு: இதைச் சொல்வதில் இவனுக்கு என்ன லாபம்?

ஆறு மாதக் கர்ப்பிணியான மகள் ஷைலாவிடம் எதிர்வீட்டு ஹேமாவதி ஒரு டப்பாவை நீட்டினாள்.

"மீனெண்ணெய் மாத்திரைம்மா. மாசமா கீறப்போ முழுங்கினா புள்ளைக்கு மூச்சிழுப்பே வராது."

"உனுக்கு எவ்ளோ கமிஷன்?" என்றார் பால்ராஜ்.

"இன்னா அண்ணாத்தே, கடல்ல கீற மீன் மேலயுமா சந்தேகம்?"

ஷைலா டப்பாவை விடவில்லை. சின்ன வயதில் இழுப்போடு அல்லாடி, மற்ற பிள்ளைகள் ஓடுவதை மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவள். "என் புள்ளையும் அப்டி ஓரமா குந்திகினு இருக்கணுமா நைனா?"

மறுநாள் பால்ராஜ் லீவு போட்டு, மகளையும் டப்பாவையும் கூட்டிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனெண்ணெயால இழுப்பு குறையுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, சிலது இல்லைங்குது. வரவே வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதுல எவ்வளவு இருக்குன்னே போடல. வேணாம்."

பால்ராஜ் மீசையை நீவினார். ஆனாலும் உள்ளே ஒரு உறுத்தல். இதை வேண்டாமென்றவர் வேறொரு டப்பாவை எழுதித் தருவார் பார் என்று காத்திருந்தார்.

அவர் எதையும் எழுதவில்லை. மூக்கைச் சுருக்கினார். "வீட்ல பீடி யாருங்கய்யா?"

"நான்தான்... பாத்ரூம்லதான் குடிப்பேன்."

"அந்தப் புகை குழந்தைக்கு ஆகாது. வயித்துல இருந்தாலும் சரி, பொறந்த பிறகும் சரி. மொதல்ல அதை விடுங்க. இவங்க சின்னப் புள்ளையா இருந்தப்பவும் குடிச்சீங்களா?"

ஷைலா தரையைப் பார்த்தாள்.

வழியெல்லாம் பால்ராஜ் கேஜ் போட்டுப் பார்த்தார். பீடியை விடச் சொல்வதில் அந்தம்மாவுக்கு என்ன லாபம்? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் அகப்படவில்லை.

டப்பாவை ஹேமாவதி கையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை ஷைலாவிடம் நீட்டினார்.

"ரெண்டும் ஸ்கிராப்பு."

ஷைலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மகளாயிற்றே.

"காதுல சொருகிக்கினு கீறியே நைனா, அதையும் குடு."