பொட்டு வைத்த டி.சி.

மகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்கி வந்த அன்று, அதை நேராகப் பூசை அறைக்குக் கொண்டுபோனேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே ஒரு மூலையில் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். புதுச் சேலை, கல்யாணப் பத்திரிகை, ஸ்கூட்டர் சாவி என்று எங்கள் வீட்டுக்குள் எது வந்தாலும் இந்த மரியாதை உண்டு. அதுவரை தவறில்லை. மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போய் அதை லேமினேட் செய்துகொண்டு வந்தேன். மஞ்சள் குங்குமத்தோடு.

என்ன அவசரம் என்று கேட்பவர்கள், வெள்ளம் வந்த அந்த மார்கழியில் முக்கூடலில் எங்கள் தெருவில் இருந்திருக்க வேண்டும். தாமிரபரணி வாசற்படி ஏறி, அடுக்களை வரை வந்து, பீரோவின் கீழ்த்தட்டை நனைத்துவிட்டுப் போனது. வீட்டுப் பத்திரம், என் எம்.ஏ. பட்டம், கணவரின் உரக்கடை உரிமம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி அப்பளம் மாதிரிக் காயவைத்தோம். இன்றும் ஓட்டில் நாலு தூறல் விழுந்தால் பீரோவை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வருவேன்.

அந்தப் பயத்தில்தான் போனில் ஸ்கேன் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டேன். காகிதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடும். ரேஷன் கார்டில் தொடங்கி மிக்ஸி வாரண்டி வரை வந்துவிட்டேன். "அசையாம உக்காந்திருந்தா என்னையும் பிடிஎஃப் ஆக்கிருவா" என்பார் கணவர்.

மகள் விவசாயக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். வேறு எதற்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "அப்பா விக்குத உரத்தையெல்லாம் பாதியாக் குறைக்கத்தான் படிக்கப் போறேன்" என்று அவரிடமே சொல்வாள். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். பிரவுசிங் சென்டரில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேனர் மூடிக்கு அடியில் சான்றிதழை மறந்து வைத்துவிட்டு வந்தவர்களின் கதைகள் எனக்கு நிறையத் தெரியும். நானே படமெடுத்து, நானே பிடிஎஃப் ஆக்கி, நானே ஏற்றினேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை மகளின் போனுக்குச் செய்தி வந்தது. மாற்றுச் சான்றிதழின் எண் தெரியவில்லை. இன்று மாலைக்குள் தெளிவான பிரதியை ஏற்றாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது.

அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தோம். செயலி தானாகவே அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. எண் இருக்க வேண்டிய வலது மேல் மூலையில் மட்டும் உருண்டையாக ஒரு கறுப்பு. அனுப்பும்போது நானும் அதைப் பார்த்தேன். பள்ளியின் முத்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"டி.சி.க்குத் திருஷ்டிப் பொட்டுல்லா வச்சு அனுப்பிருக்க!"

"எப்பா, சும்மா இருப்பா" என்ற மகளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு முன்பே கலங்கிவிட்டது.

"துடைச்சிரலாம்லா?" என்றேன்.

"எதை எம்மா துடைப்ப? சாமியே வெளிய வர முடியாம ஒட்டி வச்சிருக்க."

பிளேடு எடுத்து வந்தேன். பிளாஸ்டிக்கோடு சான்றிதழும் உரிந்து வந்துவிடும் என்று கணவர் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பள்ளியில் வேறு பிரதி கேட்டால் கிடைக்க நாளாகும். எங்களுக்கு மாலை வரைதான் நேரம்.

சான்றிதழை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த மகள், "எம்மா, நேர்ல பாத்தா நம்பர் தெரியுதே. சிவப்புக்கு அடியில இருக்கு. கலர்லயே எடுத்தா தெரியும்" என்றாள்.

கூடத்தில் வைத்து எடுத்தேன். பிளாஸ்டிக்கில் டியூப்லைட் மின்னியது. அதற்குக் கீழே குனிந்து நிற்கும் என் முகமும் விழுந்திருந்தது.

"என் டி.சி.ல உன் மூஞ்சி தெரியுது" என்றாள்.

புறவாசலுக்குப் போனோம். அங்கே ஆடிக் காற்று. கணவர் சான்றிதழின் ஒரு மூலையைக் கால் விரலால் அழுத்திக்கொண்டு, வெயில் மின்னாமல் இருக்கத் தோள் துண்டை விரித்துப் பிடித்தார். என் கை நடுங்கியதில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"என்னளா, டி.சி. பாவநாசம் பஸ்ஸுல போய்க்கிட்டிருக்கா?" என்றார்.

கடைசியில் ஒன்று தெளிவாக விழுந்தது. பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், கோப்பின் அளவு அதிகம் என்று திரும்பி வந்தது. அளவைக் குறைத்தால் எண் கலங்கிப்போனது. மகள் படத்தை விரித்துப் பார்த்தாள்.

"இதுல பாதி அப்பா காலு. இங்கன துணி துவைக்கிற கல்லு. இது உன் முந்தி. எதுக்கும்மா இவ்வளவு தூரத்துல நின்னு எடுக்க?"

"முழுசா வரணும்லா. ஓரம் வெட்டுப்பட்டுப் போச்சுன்னா?"

"போனக் குடு. நீ உள்ள போ."

உள்ளே போக என்னால் முடியவில்லை. கணவர் துண்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "பிடி. பைய மூச்சு விடு" என்றார். பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மகள் மண்டி போட்டு, சான்றிதழ் மேலேயே கவிழ்ந்துவிடுவதுபோல் குனிந்து, காற்று நின்ற நொடியில் அப்பாவின் காலை விலக்கச் சொல்லி ஒரே ஒரு படம் எடுத்தாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். கால் இல்லை, கல் இல்லை. சான்றிதழ் மட்டும், நான்கு மூலையிலும் மஞ்சளும் ஒரு மூலையில் குங்குமமுமாக. சிவப்புக்கு அடியில் எண் ஒவ்வொன்றாகப் படிக்க முடிந்தது. அளவும் அடங்கியது.

விளக்கேற்றும் நேரத்தில், சான்றிதழ் ஏற்கப்பட்டது என்ற செய்தி வந்தது. அதைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கினேன். பிறகு பூசை அறைக்குப் போய், அத்தனை பாடுபட்ட என் போனின் முதுகில் குங்குமம் வைத்தேன்.

"அதையும் லேமினேட் பண்ணிரு" என்றார் கணவர்.

இடம் கிடைத்தது. சேரும் நாளில், கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் அந்தச் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கோப்பில் கோக்க இதில் எப்படி ஓட்டை போடுவது என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நெல் ரகங்களின் படத்தைப் பார்த்தேன்.

விடுதிக்கு அவள் கிளம்பிய அன்று, பேருந்து நிலையத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். முழுப் பேருந்தும் இருக்கிறது. பழக்கடை, யாரோ ஒருவரின் வாழைத்தார், டிரைவரின் துண்டு எல்லாம் இருக்கிறது. நடு ஜன்னலில் சின்னதாக அவள், கையை ஆட்டிக்கொண்டு. போன் முதுகில் வைத்த குங்குமம் கேமராக் கண்ணாடி வரை போயிருக்கும்போல. ஒரு மூலை மட்டும் சிவப்பாகப் புகைந்திருக்கிறது.

பேருந்து அம்பாசமுத்திரம் தாண்டும் நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது.

"எம்மா, லென்ஸத் துடை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து எடுத்திருக்கலாம்லா."