படுதாவும் தட்டியும் கடல்காற்றும்

ஆண்டவரின் பாடுகளை எங்கள் குப்பத்தில் நாடகமாகப் போடும்போது, மேடையில் எந்தத் துணி தொங்கினாலும் 'சீன்' என்றுதான் சொல்வோம். என் மகள் மயிலாப்பூர் சபா ஒன்றில் மேடை வேலைக்குப் போன பிறகுதான் வீட்டில் பிரித்துப் பேச ஆரம்பித்தோம். முன்னால் திறந்து மூடுவது திரை. பின்னால் தொங்குகிற ஓவியத்துணி படுதா. மரச்சட்டத்தில் இழுத்தடித்துத் தரையில் நிறுத்துவது தட்டி.

இந்த வருஷம் சீன்களை வாடகைக்கு எடுக்க வேண்டாம், எல்லாம் நானே செய்கிறேன் என்று பங்குச்சாமியாரிடம் அனுமதி வாங்கிவிட்டாள். ஏதாவது சாய்ந்தால் ஊர் முன்னால் சாயும். எதுவும் சாயக்கூடாது என்று நான் மாதாவிடம் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகையன்று என் மச்சான் வந்து, கெத்சமனித் தோட்டத்துப் படுதாவை நாலு மூலையும் விறைப்பாக இழுத்துக் கட்டினார். படகில் பாய் கட்டிய கை.

"மாமா, இது தட்டி இல்ல, படுதா. தொங்கணும். கீழ கட்டாதீங்க."

"இன்னாமா, கடலுக்குப் போறவனுக்கே துணி கட்ட சொல்லித் தர்றியா?"

"பாய் கட்டுனா படகு போவும். மேடை எங்க மாமா போவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் முடிச்சை அவிழ்க்கவில்லை.

சாயங்காலம் கடல்காற்று எழுந்தது. படுதா உப்பி, கட்டியிருந்த மூங்கில்கள் முன்னால் குனிந்தன. பேதுருவாக நடிப்பவர் ஓடிப்போய்த் தாங்கினார்.

"ஆண்டவர மறுதலிக்க வேண்டியவன் தாங்கிக்கினு கீறான் பாரு" என்றது ஒரு குரல்.

மகள் கீழ் முடிச்சுகளை அவிழ்த்தாள். மச்சான் வீட்டுக்குப் போய், பழைய வலையிலிருந்த ஈயக்குண்டுகளை அறுத்துக்கொண்டு வந்தார்.

"வலை தண்ணில நேரா நிக்கிறது இதாலதான். போதுமா பாரு."

அவற்றைப் படுதாவின் அடிமடிப்பில் வைத்துத் தைத்தாள். கல்லறை வாசலை மூடும் பாறை மட்டும் தட்டி. அதற்குப் பின்னால் முட்டுக் கொடுத்து மணல்மூட்டை வைத்தாள்.

நாடகத்தன்று காற்று இன்னும் பலமாக இருந்தது. படுதாவில் வரைந்த ஒலிவ மரங்கள் லேசாக அசைந்தன. தோட்டம் என்றால் அசையத்தானே வேண்டும். கடைசியில் பாறை விலகி, ஆண்டவர் உயிர்த்து வந்தார். சனம் மொத்தமும் சிலுவை போட்டுக்கொண்டது. நானும் போட்டேன், ஆனால் என் கண் படுதாவின் அடியிலேயே இருந்தது. ஆண்டவர் மன்னிப்பார். துணி ஒரு விரற்கடைகூட மேலே எழவில்லை.

பக்கத்தில் மச்சான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வூட்டுப் பொண்ணு கட்டினது."