செலின் அக்கா தீட்டிய முகம்

"மக்களே, செலின் பெய்ட்டா. நாளைக்கு வைகிட்டு நாலு மணிக்கு அடக்கம்" என்று குளச்சலிலிருந்து அவருடைய சித்தப்பா போனில் சொன்னபோது, திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்டுடியோவில் மதிய உணவு நேரம். சோற்றுப் பொதிகளை அப்படியே மூடிவைத்தோம். புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அஞ்சியிருந்த செய்திதான்.

அனிமேஷன் படங்களுக்குக் கணினியில் உருவங்களை வடிப்பது என் வேலை. என்னிடமிருந்து போகும்போது அவை சாம்பல் நிறக் களிமண் பொம்மைபோல இருக்கும். அவற்றுக்குத் தோலும் துருவும் ஈரமும் தீட்டுவது டெக்ஸ்சர் பிரிவு. அதன் தலைவர் செலின் அக்கா. மீனவர் வீட்டுப் பெண். நான் சேர்ந்த அன்று ஊரைக் கேட்டார்.

"கொட்டாரமா? அப்ப படத்துல நெல்லு வயல் வந்தா ஒன்னக் கூப்பிடுதேன். மீனுக்கு நான் போதும்."

அவருடைய தம்பி போன வள்ளம் ஒரு புயலில் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதை அவர் பேசியதே இல்லை.

பிறகொரு படத்தில், கடலில் மூழ்கிக் கரையொதுங்கும் மீனவனின் முகம் எங்களிடம் வந்தது. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"வேண்டாம் மக்கா. நானே செய்யுதேன். எனக்கும் ஒருக்கா பாக்கணும்லா."

உப்பில் ஊறி வெளுத்த தோல், உதட்டில் நீலம், இமையோரம் மணல். தயாரிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள்: குழந்தைகள் பயப்படுவார்கள், தூங்குவதுபோல் இருக்கட்டும்.

நான் சண்டைக்குக் கிளம்பினேன். அக்கா தடுத்தார். "அவிய சொல்லுதது செரிதான். பிள்ளைய எதுக்குப் பயப்படணும்?"

வெளுப்பையும் நீலத்தையும் அவரே அழித்தார். மணலை எடுத்தார். முடித்தபின், "இப்பம் குளிப்பாட்டி விட்டது மாதிரி இருக்கான்" என்றார். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் நோய் தெரிந்தது. மருந்தில் விரல்நுனிகள் மரத்துப்போக, திரையில் தீட்டும் பேனா கையிலிருந்து நழுவியது. வேலையை விட்டு ஊருக்குப் போனார். கடைசியாகக் குளச்சலில் பார்த்தபோது, "பயமா இருக்கு மக்கா. சும்மா தைரியம் சொல்லாத, கேட்டியா?" என்றார். சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. அக்காவின் அம்மா மட்டும் புதுமண்ணில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எழுப்பப் போனேன்.

"நில்லு மக்கா. கடல்ல போன மவனுக்காவ அழ எனக்கு ஒரு எடம் இல்லாம இருந்து. இனி ரெண்டு பேருக்கும் சேத்து இங்க வரலாம்."

வெயில் சாயும்வரை அவர் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா, நாங்கள் கிளம்புகிறோம். அம்மா நாளையும் வருவார்.