ஒத்திப் பணமும் நெத்திலிக் கருவாடும்

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் அண்டா கழுவியவள் ஞானம்மா. அப்பன் ஆத்தாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கே. ஊரான் காசு ஒத்தைப் பைசா அவளுக்கு வேண்டாம். அவள் காசில் எவனாவது கை வைத்தாலோ, தொலைந்தான்.

கை வைத்தவர் வீட்டுக்காரர் திருமலைச்சாமி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டை ஒத்திக்கு விட்டார். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை, காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பிவிட வேண்டும். பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. புருஷன் பிச்சையாவுக்கு மூச்சிரைப்பு. இன்னொரு மழைக்காலத்தை இந்தக் குளிரில் தாங்கமாட்டார், கீழே இறக்கிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"மொதல்ல சாமானை எடும்மா. வெள்ளையடிச்சுட்டுப் பணத்தைத் தர்றேன்" என்றார் திருமலைச்சாமி. நம்பி எடுத்தாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த ஒரே மடத்தனம். பிச்சையாவை ஊருக்குள்ளேயே இருந்த தன் தங்கை ஜெயா வீட்டில் விட்டுவிட்டு வந்து கேட்டால், மனுஷன் பேச்சை மாற்றிவிட்டார்.

"செவுரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்கு. அதைச் சரி பண்ணவே ஒம் பணம் பத்தாது. போயி வேற சோலியப் பாரு."

"வீண் கதை கதைக்காதீங்க. ஒழுகுது, கூரை ஓடுகளை மாத்துங்கன்னு ஆறு வருசமாச் சொல்லி வாய் வலிச்சவ நானு. எம் பணத்தை வைங்க."

"வைக்கலேன்னா என்ன செய்வே?"

பாவி மனுஷன்! நல்லவேளை, சமையற்கட்டை மட்டும் அவள் இன்னும் ஒழிக்கவில்லை. விறகடுப்பும் பானை சட்டியும் அங்கேயே இருந்தன. பணம் கைக்கு வரும்வரை ஒத்தி வீட்டில் அடுப்பெரிய வேண்டும், அடுப்பை எடுத்தால் உரிமையும் போச்சு என்று அவள் நம்பினாள். சட்டம் என்ன சொல்லுமோ, அது அவளுக்குத் தெரியாது. உள்கதவையும் பின்கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பூட்டிக்க, பூட்டிக்க. வர்றவன் ஹோட்டல்ல திம்பான்" என்று இளக்காரமாகச் சிரித்தார் திருமலைச்சாமி. முன்னறைகளில் கட்டில் மெத்தை போட்டு, சீசனுக்கு ஹோம்ஸ்டே என்று போர்டும் மாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. ஞானம்மா பின்வாசல் வழியாகப் புகுந்து அடுப்பை மூட்டினாள். உலை வைத்தாள். சட்டியில் நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தாள். கதவிடுக்கு வழியாகப் புகையும் வாடையும் முன்னறைக்குப் போய்ப் புது மெத்தையில் உட்கார்ந்துகொண்டன. வந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

திருமலைச்சாமி பின்வாசலுக்குப் பாய்ந்து வந்தார். "ஏய், அடுப்பை அணை! கஸ்டமர் நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். என் ஒத்தி வீட்ல நான் சோறாக்குறேன். ஒங்களுக்கு என்ன?"

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"வெரசாக் கூப்பிடுங்க. பத்திரம் மடியிலதான் இருக்கு. அந்த போர்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னும் அவங்க கேக்கட்டும்."

லைசென்ஸ் என்றதும் அவர் முகம் செத்துப்போனது. முன்வாசலில் கோயம்புத்தூர்க்காரர், "எங்க அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க, வேற எடம் பாத்துக்கிறோம்" என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தார்.

சீசனுக்கு வாங்கிய முன்பணமெல்லாம் திருமலைச்சாமியின் பீரோவில்தான் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து ஞானம்மாவிடம் நீட்டினார். எண்ணிப் பார்த்தாள், ஐயாயிரம் குறைந்தது.

"பெயிண்டுக்குப் புடிச்சிருக்கேன்."

ஞானம்மா இன்னொரு கை கருவாட்டை அள்ளிச் சட்டியில் போட்டாள். அந்த ஐயாயிரமும் சட்டைப்பையிலிருந்து வந்து சேர்ந்தது.

"வயித்தெரிச்சலோட குடுக்கிறேன். நீ நல்லா இருக்க மாட்டே."

"நல்லா இருக்கத்தான் போறோம். பாத்துக்கிட்டே இருங்க."

அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சாவியை அவர் காலடியில் போட்டாள். சூட்டுப் பானையைச் சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து போன் போட்டாள்.

பிச்சையா இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "குடுத்துட்டாரா? சண்டை கிண்டை போட்டியா?"

"சண்டை எதுக்கு? சோறு ஆக்குனேன், குடுத்துட்டாரு. துணிமணிய எடுத்து வையுங்க. ரெண்டு மணி பஸ்ஸுக்கு எறங்குறோம்."