பதினோராம் ஆணி

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாளும் கிழமையும் மறந்துபோகின்றன… ஒன்றை எழுத வந்து இன்னொன்றை எழுதிவிடுகிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரூபியின் சில்லைப் பலகையில் மாட்டியது ரூபி இல்லை. நான்!

முகாம் மலருக்காகப் போதகர் ஐயா என்னிடம் கேட்டது வேறு. காயாத தட்டுகளுக்கு நடுவே காய்ந்த தட்டைப் பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றிய கதையை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றார். அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கைதட்டியும் இருக்கிறீர்கள். அதில் நான் விழுங்கிய பாதியை இப்போது எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்தேரி மலை அடிவாரத்தில் நம் சபை கோடைதோறும் நடத்தும் மலை சைக்கிள் முகாம் இது. நான் அதில் சமையல்காரி. சைக்கிள் பழக வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை. மலைத்தடத்தில் இரண்டு வருஷமாவது ஓட்டியிருக்க வேண்டும். பதினான்கு, பதினைந்து வயசுப் பிள்ளைகள்தான். ஆனால் ஆடே தயங்கி நிற்கும் பாறையில், பின்பக்கத்தைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, தண்ணீர் வழிகிற மாதிரி இறங்கி வருவார்கள்! காலையில் ஜெபம், பிறகு சவாரி, மாலையில் பாட்டு. என் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் அவர்கள். எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட மரச் சில்லு ஒன்று. புறப்படும்போது கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் சமையற்கட்டு வாசலில் இருக்கும் பலகையில், தன் எண்ணுள்ள ஆணியில், தன் கையாலேயே மாட்ட வேண்டும். பதினெட்டு ஆணியும் நிரம்பினால்தான் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் சோறு. ஒரு பிள்ளை வெளியே இருக்கும்போது மற்றவர் யாரும் சாப்பிடக் கூடாது என்பது முகாமின் சட்டம்.

ரூபி பதினொன்று. பென்னாகரத்துப் பெண். அந்த வருஷம் வந்தவர்களில் அவளைப் போல இறங்கியவர் யாருமில்லை.

அன்றைக்கு மௌனச் சவாரி. ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராகத் தனியே ஏறி, பிடித்த இடத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, யாரோடும் பேசாமல் இறங்கி வர வேண்டும். காலையில் ரூபியின் சில்லுக் கயிறு அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்டுத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அதற்குள் அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். சில்லில்லாமல் ஏறினால் மறுநாள் சவாரி கிடையாது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"ஆயா, வந்து வாங்கிக்கிறன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். சில்லை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்றைக்கு நான் செய்தது ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். பெங்களூர்ப் பிள்ளைகள்கூட இரண்டாம் உருண்டை கேட்கும் களி என்னுடையது. அன்றைக்குப் பார்த்துக் கடத்தூரிலிருந்து சபைப் பெரியவர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். களியைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே… சூட்டோடு சாப்பிட்டால்தான் களி. ஆறினால் கல்!

பதினேழு ஆணி நிரம்பிவிட்டது. பதினொன்று மட்டும் காலி. குழாயடியில் ஒரு சிவப்பு ஹெல்மெட் கிடந்தது. ரூபியுடையதும் சிவப்பு. வந்துவிட்டாள், குளிக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைப் பார்த்தேனா? இல்லை. வந்துவிட்டாளா என்று ஒரு குரல் கொடுத்தேனா? அதுவும் இல்லை. களி ஆறிக்கொண்டிருந்தது… முந்தானையை அவிழ்த்தேன். சில்லை மாட்டினேன். அவளைச் சட்டத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வேறு எனக்குள் சொல்லிக்கொண்டேன்!

தடத்தைக் கடைசியாகச் சுற்றிவிட்டு டேனியல் சார் வந்தார். முகாமை நடத்துகிறவர் அவர். வழியில் யாரும் இல்லை, பலகையும் நிறைந்திருக்கிறது. மணி அடித்தார்.

பெரியவர்கள் களியை வாயாரப் புகழ்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எவ்வளவு இனித்தது தெரியுமா…

எல்லோரும் கழுவிக் கவிழ்த்த தட்டுகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் எண் தட்டு மட்டும் காய்ந்து கிடந்தது. குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை வேறொரு பெண் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், பதினொண்ணு சாப்பிடலைங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"பலகையில இருக்கே, ஆயா. கூடாரத்துல தூங்கும்."

"தூங்கலைங்க. அது மலையிலதாங்க இருக்குது."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஓடினார்கள். மூன்றாம் வளைவுக்குக் கீழே, காய்ந்த ஓடைக்குள் கிடந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, வெயிலில்… நான் மணியடிக்க வைத்துப் புகழ் கேட்டு நின்ற நேரமெல்லாம் அவள் அங்கேதான் கிடந்தாள். தர்மபுரி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

சில்லு பலகையில் இருக்க, பிள்ளை மலையில் இருந்தது எப்படி? எல்லோரும் ஒரே கணக்குத்தான் போட்டார்கள். வந்து மாட்டிவிட்டு, ஆசையில் இரண்டாம் சுற்றுக்குத் திருட்டுத்தனமாகப் போயிருக்கிறாள். அவளால்தான் அப்படி ஓட்ட முடியும் என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. அவளுக்கோ அன்றைக்குக் காலையிலிருந்து எதுவும் நினைவில்லை. என்னிடம் சில்லைக் கொடுத்ததும் நினைவில்லை.

கடைசி நாள் ஆராதனையில் எனக்குச் சால்வை போட்டார்கள். என் வாழ்நாளில் எனக்கென்று ஒருவர் போட்ட முதல் சால்வை. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அடுத்து ரூபி வந்தாள், கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு.

"எனக்கு ஒண்ணுமே நெனவில்லைங்க. ஆனா சில்லு ஆணியில இருந்துச்சு. அப்ப நான்தான் பொய் சொல்லியிருக்கணும். எல்லாரும் மன்னிச்சிருங்க."

செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டாள்! செய்தவள் நான் மூன்றடி தூரத்தில், சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் பேசக் கூச்சம் என்று இத்தனை வருஷமாய் எனக்கே சொல்லிவந்தேன். கூச்சமா அது? தோளில் கிடந்ததைக் கழற்ற மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அவளை ஒரு வருஷம் முகாமில் சேர்க்கவில்லை. வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். இந்தக் கோடையில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவதே அவள்தான். முகாமில் தடம் காட்டுகிற முதல் பெண்! முன்னால் அவள் இறங்க, பின்னால் பதினெட்டுப் பேர் வரிசையாக இறங்குவதைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. பெற்றவளுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

ஆனால் முதல் நாள் பலகை முன் நின்று புதுப் பிள்ளைகளிடம் அவள் சொல்வது அந்தக் கதையைத்தான். "நான் ஒரு தடவ இதுல பொய்யா மாட்டிட்டுப் போனவ. நீங்க அப்படிப் பண்ணாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். "ஆயா, இந்தத் திருடி தட்டு மேல ஒரு கண்ணு வையுங்க. வூட்டுக்கு முழுசாப் போய்ச் சேரணும்."

நானும் சிரித்துவிட்டுக் களி உருண்டையை அவள் தட்டில் வைக்கிறேன். உங்களால் முடியுமா அப்படி? என்னால் முடிகிறது…

சால்வை பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பூரிக்கிறது. வெட்கப்பட வேண்டியவள் பூரித்துப் போகிறேன். இதற்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியவில்லை.

போதகர் ஐயா, அச்சுக்குக் கொடுக்குமுன் யாரையாவது வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது எந்த வருஷம், மூன்றாம் வளைவா நான்காம் வளைவா, பதினெட்டுப் பேரா பத்தொன்பதா, எல்லாம் டேனியல் சாருக்குத் தெரியும். தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். சில்லை மாட்டிய கையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதை ரூபியிடம் கேட்டுச் சரிபார்க்கவும் முடியாது. அவள்தான் செய்தாள் என்று சொல்லிவிடுவாள்.