அத்தை எழுதாத வாக்கியம்

இன்று வந்த கல்யாணப் பத்திரிகையைப் பிரித்ததும் அதன் மூலையில் தடவியிருந்த மஞ்சளின் வாசனை எழுந்தது. ஸ்ரீரங்கத்தில் அத்தையின் மேசை கண்முன் வந்து நின்றது.

அத்தை ஆங்கில ஆசிரியை; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீதியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக்கு ஆங்கிலம் எழுதித் தருவது அவள்தான். அச்சாகி வந்த பிறகு மஞ்சள் தடவ மட்டும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். "சுமங்கலிங்க கையால தடவணும்" என்பார்கள். அவள் சிரித்தபடி பேனாவைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் என் வீட்டுப்பாடத்துக்காக 'மேரி' என்ற ஆங்கில வினைச்சொல்லை வைத்து நோட்டில் வாக்கியங்கள் எழுதிக் காட்டினாள். அவன் கல்யாணம் செய்துகொள்கிறான், அவள் செய்துகொண்டாள், அவர்கள் செய்துகொள்வார்கள்.

"'நான்'னு ஒண்ணுகூட இல்லியே அத்தை?"

"அது பரீட்சைக்கு வராதுடி" என்று நோட்டை மூடிவிட்டாள்.

இன்று வந்தது அத்தையின் பத்திரிகைதான். அறுபத்திரண்டு வயதில், கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியாரோடு கல்யாணம். பெரியவர்கள் பெயரில் அழைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, 'நான் கல்யாணம் செய்துகொள்கிறேன், வாருங்கள்' என்று அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

போன் செய்தேன். "மஞ்சள் யார் அத்தை தடவினா?"

"அத்தனைக்கும் நானேதான்டி. கை இன்னும் மஞ்சளாவே இருக்கு."