மாற்றி வைத்த சார்ஜர்

அந்த வருடம் மட்டும் இரண்டு சார்ஜர் வாங்கிவிட்டேன். லேப்டாப்போடு வந்தது ஒரு மின்வெட்டோடு உயிரை விட்டது. அடுத்தது சூடேறிக் கருகல் வாடை அடித்தது. மூன்றாவதைத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வயரை ஒரு பக்கமாக வளைத்து மேலே அகராதியை வைத்து அமுக்கினால்தான் சார்ஜ் ஏறியது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வருகைப் பதிவு, மதிப்பெண், வினாத்தாள் எல்லாமே லேப்டாப்பில்தான்.

ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைக்காரி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண். ஊர் திசையன்விளை. அவளுடைய லேப்டாப்பும் என்னுடையதும் ஒரே மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வகுப்புக்குப் போயிருந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. அவள் சார்ஜரை உருவி என் பைக்குள் வைத்தேன். என்னுடையதைச் சுருட்டி அவள் மேசையில் வைத்தேன். அப்போது அது பெரிய தப்பாகவே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை அவள் வினாத்தாளைக் கையால் எழுதிக்கொண்டு வந்தாள். எட்டுப் பக்கம்.

“யக்கா, சார்ஜ் ஏறவே மாட்டேங்கு. வெள்ளிக்கிழம வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல கடையா எங்கன இருக்கு?”

“சரியான ஆளத்தான் கேட்டிருக்க, எல்லா சார்ஜர் கடையும் அவங்களுக்கு அத்துப்படி” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் அவளோடு போக வேண்டியதாயிற்று. வேறு கடைக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். அது பூட்டியிருந்தது.

ஜங்ஷன் கடை அண்ணாச்சி சார்ஜரைப் புரட்டிப் பார்த்தார். ஓரத்தில் நீல மையில் இருந்த கிறுக்கலைக் காட்டினார்.

“இது நாங் குடுத்ததுல்லா. டீச்சர், நீங்கதான வாங்கிட்டுப் போனீங்க? ஆறு மாசம் வாரண்டி இருக்கே. கொண்டாந்திருந்தா அன்னைக்கே மாத்தித் தந்திருப்பேனே.”

வாங்கும்போதே சொல்லியிருந்தார். அலைய வேண்டுமே என்று நான்தான் போகவில்லை.

“மாறிப் போயிருக்கும்” என்றேன்.

அவள் நெற்றியில் கை வைத்தாள். “ஐயோ யக்கா! பஸ்ஸுக்கு ஓடுத அவசரத்துல நாந்தான் ஒங்களுத எடுத்துட்டேன் போல. மன்னிச்சுக்கிடுங்க. ரெண்டு நாளும் ஒங்களுதத் தேடிக்கிட்டே கெடந்திருப்பீங்களே!”

மாற்றி வைத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. “பரவாயில்லம்மா” என்றேன், பெருந்தன்மையாக மன்னிப்பவளைப் போல. அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் புதுச் சார்ஜரை நீட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

மறுநாள் அவளுடைய சார்ஜரை அவளிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் ஊரிலிருந்து எனக்குக் கருப்பட்டி கொண்டுவந்தாள். சிரமம் கொடுத்துவிட்டாளாம். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் அவள் பக்கத்து மேசைதான். கிளம்பும்போதெல்லாம் சார்ஜரைத் தூக்கிக் காட்டி, “யக்கா, இது என்னுததான?” என்று கேட்டுவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறாள். நான் விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல் “ஆமா” என்கிறேன்.